தனி ஆளாக பிரேக்கில் ஏர் எடுக்க முடியுமா? மாருதி 800, பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகிறது

மழைமலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2004 மாருதி 800. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். வால்பாறையிலிருந்து 14 கி.மீ. உள்ளே ஒரு எஸ்டேட்டில் இருக்கிறேன், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

போன வாரம் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாகத் தெரிந்தது. இந்த ஊர் மழையில் ஈரமில்லாத சக்கரம் எது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரமைக் கழற்றி, உள்ளே ஆயிலின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் தூக்கினேன். உள்ளே தேங்கியிருந்த ஆயில் புறங்கையில் வழிந்தது. டிரமை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவும் நனைந்து கறுத்துப் போயிருந்தது. பொள்ளாச்சியில் ஒரு கடைக்குப் போன் செய்ததும் புது வீல் சிலிண்டரும் ஒரு செட் ஷூவும் பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். மாட்டிவிட்டேன். அது வரை ஒரு தொல்லையும் இல்லை.

ஏர் எடுப்பதில்தான், அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதில்தான், மாட்டிக்கொண்டேன். சின்ன வயதில் அப்பா கீழே படுத்துக்கொள்வார், நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்து பெடலை மிதிப்பேன். "அமுக்கு. பிடி. விடு." இந்த மூன்று வார்த்தைதான். நான் "பிடிச்சிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் ஸ்பேனரைத் திருப்புவார். இப்போது கீழே படுக்க நான் இருக்கிறேன், சீட்டில் உட்கார ஆள் இல்லை. கூப்பிட்டால் ஓடிவரும் பக்கத்து லைன் வீட்டுத் தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அடுத்த வீட்டுப் பாட்டிக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். அவர்களைப் பெடல் மிதிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தனியாகவே இரண்டு நாள் முயன்று இரண்டு கோளாறு செய்துவிட்டேன். முதல் நாள், வீல் சிலிண்டரில் காற்றை வெளியே விடத் திறக்கும் திருகான நிப்பிளில் மீன் தொட்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை வெறும் பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டுப் போய் பெடலை மிதித்தேன். ஆயில் நன்றாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மிதித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பானெட்டுக்குக் கீழே டப்பா காலியானதைச் சொல்ல ஆள் இல்லை. அடிவரை வற்றி, காற்றையும் இழுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள், 50 மி.லி. சிரிஞ்சைக் குழாயில் மாட்டி நிப்பிள் வழியாக உறிஞ்சினேன். குமிழி குமிழியாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. 6 சிரிஞ்ச் எடுத்தும் நிற்கவில்லை. ஊசியில் காற்று எடுப்பது என் அன்றாட வேலை. டிரிப் செட்டில் ஒரு குமிழி இருந்தாலும் தட்டித் தட்டி மேலேற்றாமல் விடமாட்டேன். அப்படிப்பட்ட நான் இந்த வண்டியிடம் தோற்றது கொஞ்சம் ரோஷமாகத்தான் இருக்கிறது.

இப்போது பெடல் தரையைத் தொடுகிறது, திருப்பி அடிக்கவே இல்லை. தனியாக ஏர் எடுக்க உருப்படியான வழி உண்டா? டப்பா வற்றியதால் நாலு சக்கரத்துக்கும் எடுக்க வேண்டுமா? அப்புறம், அந்தக் குமிழி எங்கிருந்துதான் வருகிறது?


சாலைப்பயணி எழுதியது:

தப்பாக நினைக்காதீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பிரேக்கை இணையத்தில் கேட்டுக் கேட்டு ரிப்பேர் செய்வதா? மெக்கானிக்கை வரவழையுங்கள். 500 ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.


பழைய ஸ்பேனர் எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் பிரேக் இல்லாத வண்டியை 14 கி.மீ. மலையில் ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகச் சொல்ல முடியாது. மெக்கானிக் மழையில் எஸ்டேட் வரைக்கும் வருவாரா என்பது வேறு கதை. வீல் சிலிண்டரை மாற்றிய கைக்கு ஏர் எடுப்பது பெரிய வேலை இல்லை. பொறுமையாகச் சொல்கிறேன், தங்கச்சி.

நான் தென்காசிப் பக்கம் ஷெட் வைத்திருந்தேன். கடைசி 6 வருடம் கூட வேலை பார்க்கப் பையன் கிடைக்கவில்லை. வந்தவன் எல்லாம் மொபைல் கடைக்குப் போனான். அந்த 6 வருடமும் தனியாகத்தான் ஏர் எடுத்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மிதிக்க ஆள் தேவையே இல்லை, மிதிக்க உங்களுக்கே கால் இருக்கிறது. சீட்டில் உட்காரும் ஆளுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் நிப்பிளை மூடும் வரை பெடலை விடாமல் பிடித்துக்கொள்வது. ஏன் பிடிக்க வேண்டும்? விட்டால் பெடல் மேலே வரும்போது, திறந்திருக்கும் நிப்பிள் வழியாக உள்ளே இழுக்கும். அங்கே காற்று இருந்தால் காற்றை இழுக்கும், ஆயில் இருந்தால் ஆயிலை இழுக்கும். அப்படியானால் நிப்பிளின் வாயில் எப்போதும் ஆயில் மட்டும் இருக்கும்படி செய்துவிட்டால், பிடிக்கிற ஆள் தேவையில்லை. அவ்வளவுதான் சூத்திரம்.

நீங்கள் வெறும் பாட்டிலில் குழாயை விட்டது அங்கேதான் இடித்தது. பாட்டிலில் முதலிலேயே இரண்டு விரற்கடை புது ஆயில் ஊற்றி, குழாயின் முனை அதில் முழுகி இருக்க வேண்டும். பாட்டில் கவிழாமல் இருக்க அடியில் நாலு நட்டைப் போட்டுவிடுங்கள். அடுத்து, குழாய் நிப்பிளிலிருந்து நேராகக் கீழே போகக் கூடாது. ஒரு முழம் மேலே ஏறி, வளைந்து, அப்புறம் பாட்டிலுக்குள் இறங்க வேண்டும். பாட்டிலைக் கம்பியில் கட்டி நிப்பிளைவிட உயரமாகத் தொங்கவிடுங்கள். வெளியே வந்த குமிழி மேலே ஏறிப் போய்விடும், நிப்பிளை ஒட்டி நிற்பது ஆயில் மட்டும். டிரிப் போடுகிறவருக்கு இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

குமிழி எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். நிப்பிளின் திருகு மரையிலிருந்து. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரைக்கும் சிலிண்டருக்கும் நடுவே சந்து விழும். சிரிஞ்சால் உறிஞ்சும்போது, தூரத்தில் இருக்கும் ஆயிலைவிட பக்கத்தில் இருக்கும் வெளிக்காற்று சுலபமாக வரும். நீங்கள் எடுத்த 6 சிரிஞ்சில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டு வாசல் காற்றுதான். சரியாக இறுகாத ஊசியோடு சிரிஞ்சை இழுத்தால் என்ன வருமோ அதுதான் இதுவும். பெடலை மிதித்து எடுக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம், அதனால் மரை வழியாக ஆயில் வேண்டுமானால் கசியும், காற்று வராது. பெடல் திரும்பும் நேரத்தில் கொஞ்சம் வரலாம். அதற்கு நிப்பிளின் இடுப்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை அப்பிவிடுங்கள். குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் சுற்றுபவர்களும் உண்டு. சுற்றினால் மரையில் மட்டும், கீழே உள்ள கூர் முனையில் ஏறக் கூடாது. துணுக்கு உள்ளே போனால் வம்பு.

நிப்பிளை அரைச் சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள், கால் சுற்றே போதும். ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டிவிட்டு அதன் மேல் குழாயைச் செருகுங்கள். ஸ்பேனர் அதிலேயே தொங்கட்டும். ஓப்பன் ஸ்பேனர் போட்டு நிப்பிளின் மூலையைத் தேய்த்துவிட்டால் அப்புறம் அழ வேண்டியதுதான்.

மிதிப்பது மெதுவாக. விடுவது அதைவிட மெதுவாக. பெடலைத் தரை வரை அடிக்காதீர்கள். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அது பழையதென்றால் தினமும் உள்ளே ரப்பர் கப் போய் வரும் தூரம் மட்டும் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துரு, அழுக்கு. ஒரு நாளும் போகாத இடத்துக்குக் கப்பைத் தள்ளினால் விளிம்பு கிழியும். காலையில் ஏர் பிரச்சினையோடு வந்த வண்டி சாயங்காலம் மாஸ்டர் சிலிண்டர் பிரச்சினையோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் ஷெட்டிலேயே, என் காலாலேயே. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவைப் பார்க்கத் தனி ஆள் இல்லை என்பதால், எண்ணிக்கைதான் உங்கள் ஆள். 5 மிதி, இறங்கு, பார், ஊற்று. மறுபடி 5. சலிப்பாக இருக்கும். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரம் மாதிரி, சின்ன பாட்டிலை டப்பாவின் வாயில் கவிழ்த்து வைத்தால் அளவு இறங்க இறங்கத் தானே நிரப்பிக்கொள்ளும். அதைச் சாயாமல் நிறுத்துவதுதான் பெரும்பாடு. சாய்ந்தால் பெயின்ட் உரிந்துவிடும். நான் எண்ணிக்கைக் கட்சி. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

வற்றிப்போனதால் நாலு சக்கரமும் எடுக்கத்தான் வேண்டும், அதற்கும் முன்னால் மாஸ்டர் சிலிண்டர். இங்கேதான் உண்மையில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளைக் கட்டையில் செய்துகொள்ளலாம். சீட்டின் முன்விளிம்புக்கும் பெடலுக்கும் நடுவே இறுக்கமாக நிற்கும்படி ஒரு கட்டை வெட்டுங்கள். பெடலைக் கையால் அமுக்கிக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, பானெட் பக்கம் போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பைப்பின் நட்டை அடியில் துணி வைத்துக்கொண்டு மெல்லத் தளர்த்துங்கள். புஸ் என்று நுரையோடு வரும். இறுக்குங்கள். பிறகு கட்டையை எடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கட்டை முதலில் வந்தால் காற்று உள்ளே. ஒவ்வொரு பைப்புக்கும் மூன்று நாலு தடவை, நுரை நிற்கும் வரை.

அப்புறம் சக்கரங்கள். நம் ஊர் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம். தூரத்திலிருந்து கிட்டே வாருங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். புத்தகத்தில் வேறு வரிசை போட்டிருந்தால் புத்தகம் சொல்வதே சரி.

ஆயில், மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 3. டாட் 4 ஊற்றினாலும் கெடுதல் இல்லை. டாட் 5 என்பது சிலிக்கான், அது கூடவே கூடாது. 5.1 வேறு, அது சிலிக்கான் இல்லை, குழப்பத்துக்கென்றே வைத்த பெயர். சீல் உடைக்காத டப்பா வாங்குங்கள். பாட்டிலில் விழுந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும்.

ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு இல்லையென்றால் கழற்றிய சக்கரத்தையாவது அடியில் தள்ளிவிடுங்கள். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.


பல்சர்_கருப்பு எழுதியது:

பைக்கில் ஒரு ஈஸி வழி இருக்கு. டிஸ்க் பிரேக் லீவரை நன்றாகப் பிடித்து, சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டிவிட்டு ராத்திரி அப்படியே விட்டுடுவேன். மாஸ்டர் சிலிண்டர் ஹேண்டில்பாரில் மேலே இருப்பதால் குமிழியெல்லாம் ஏறி அங்கே சேர்ந்துடும். காலையில் அவிழ்த்துவிட்டு நாலு தடவை லேசாக லீவரைத் தட்டினால் டப்பாவில் புள்ளி புள்ளியாக வரும். லீவர் கல்லு மாதிரி ஆயிடும். காரிலும் கட்டை வைத்து ராத்திரி விட்டுப் பாருங்க.

ஆயில் கிடைக்கலைன்னா பவர் ஸ்டீயரிங் ஆயில் கொஞ்சம் ஊத்தலாம், அதுவும் ஹைட்ராலிக்தானே. என் நண்பன் ஊத்தி ஓட்டியிருக்கான்.


பழைய ஸ்பேனர் எழுதியது:

கருப்பு தம்பி, லீவர் கட்டுவது நல்ல வழி, நானும் செய்வேன். பைக்கில் ஒரே குழாய், கீழிருந்து நேரே மேலே ஏறும், அதனால் பலன் தெரியும். காரில் பைப் அடியில் படுத்துக்கொண்டு பின்சக்கரம் வரை போகிறது, குமிழி ஏற வழி கிடையாது.

ஆனால் அந்த ஸ்டீயரிங் ஆயில் யோசனையை யாரும் தொடாதீர்கள். பிரேக் கப் செய்யும் ரப்பர் வேறு ஜாதி. பெட்ரோலியத்தில் இருந்து வரும் எந்த ஆயில் பட்டாலும் ஊறி உப்பிவிடும். இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில், கிரீஸ், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் சேர்த்தி. உப்பிய கப் திரும்பாது, பிரேக் பிடித்தது பிடித்தபடி நிற்கும். இப்படி ஒரு வண்டி வந்தது, டிரம் நீலம் பூத்திருந்தது. மாஸ்டர், நாலு சக்கர கப், ஹோஸ் எல்லாம் மாற்றினோம். உன் நண்பன் இன்னும் அதே வண்டியை ஓட்டுகிறானா என்று கேட்டுச் சொல்.

தங்கச்சி, கிரீஸை நிப்பிளின் வெளியே மட்டும்தான் அப்பச் சொன்னேன், மறக்காதீர்கள்.


மழைமலை எழுதியது:

ஸ்பேனர் அண்ணா, கோடி நன்றி. இன்று லீவு, காலை 8 மணிக்கு ஆரம்பித்து 2 மணி வரை செய்தேன்.

கட்டைக்குக் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டையை எடுத்தேன். கையில் பிடித்தால் இரும்பு மாதிரி இருக்கிறது. முதலில் வெட்டியது ஒரு விரல் நீளம் கூடிவிட்டது, மறுபடி அறுத்தேன். மாஸ்டர் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும், நீங்கள் சொன்ன மாதிரியே புஸ் என்று நுரை. மூன்றாம் தடவையில் சுத்தமான ஆயில். அப்போதே பெடலுக்கு உயிர் வந்துவிட்டது, தரையைத் தொடுவது நின்றது.

பின்சக்கரத்துக்கு 8 நம்பர் ரிங் ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தது. மீன் தொட்டிக் குழாயை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் நிப்பிளில் கெட்டியாகப் பிடிக்கிறது, இனிமேல் செய்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். இடது பின்சக்கரத்தில் முதல் 5 மிதிக்கு வெறும் நுரை, அடுத்த 5க்கு நடுநடுவே நீளக் குமிழி, மூன்றாவது 5க்கு கடுகு அளவு. நாலாவதில் ஒன்றும் இல்லை. வலது பின்பக்கம் வந்த ஆயிலைப் பார்த்து அசந்துவிட்டேன், கடுங்காப்பி நிறம். அப்பா போன பிறகு யாரும் மாற்றவில்லை.

நடுவில் ஒரு கூத்து. நான் காருக்குள் மிதித்துக்கொண்டிருக்கும்போது குரங்குக் கூட்டம் வந்து, டப்பாவின் மூடியை ஒன்று தூக்கிக்கொண்டு கூரைக்குப் போய்விட்டது. கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிப் போட்டது, நல்ல வேளை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவைத்தேன். அதுவரைக்கும் டப்பாவின் வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் கவரால் மூடி ரப்பர் பேண்டு போட்டிருந்தேன், மூடுபனி இறங்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது நிலைமை இது. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இரண்டாவது தடவை மிதித்தால் உயரத்திலேயே கெட்டியாக நிற்கிறது. ஒரு நிமிடம் விட்டு மிதித்தால் மறுபடி பாதி. இன்னும் ஏர் இருக்கிறதா? நாலு சக்கரமும் மறுபடி எடுத்துப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்லை.


நல்லூர் மைனர் எழுதியது:

பிள்ளை, அது ஏர் இல்லை. உங்கட பிறேக் சூவுக்கும் டிரம்முக்கும் இடையில இடைவெளி கூட.

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னட்ட ஒரு மொறிஸ் மைனர் நிக்குது, அப்பாவின்ர கார், பெற்றோல் இல்லாத காலத்தில மண்ணெண்ணெயில ஓடின கார். பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில, மனுசிக்குக் காலில வருத்தம், ஆகவே நானும் உங்களைப் போலத் தனி ஆள்தான். மைனரில நாலு சில்லுக்கும் டிரம்தான். பிறேக் ஒயில் விடுற இடம் சாரதியின்ர காலடியில, கம்பளத்தைத் தூக்கித் தகட்டைக் கழட்டினால்தான் தெரியும். மிதிக்கிற இடமும் ஒயில் பாக்கிற இடமும் கிட்டக்கிட்ட எண்டது தனி ஆளுக்கு வசதி. ஆனா ஒண்டு, தாங்கி பதிவில, கீழ இருக்கிறதால ஒயில் தானா சொட்டிச் சொட்டி வராது. உங்கட காரில தாங்கி உயரத்தில. நிப்பிளைத் திறந்துவிட்டுச் சும்மா இருந்தாலே மெல்ல மெல்ல வடியும். அவசரம் இல்லாத ஆக்களுக்கு அது நல்ல முறை. ஒயில் குறையாமல் பாத்துக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கலாம்.

கதைக்கு வாறன். நான் ஏர் எடுக்க முதல் சூவை இறுக்கிப்போடுவன். மைனரில சில்லைக் கழட்டினால் டிரம்மில ஒரு ஓட்டை இருக்கும், அதுக்குள்ளால ஸ்குறூட்றைவரை விட்டு அட்ஜஸ்டரைத் திருப்பலாம். முன்சில்லுக்கு ரெண்டு, பின்சில்லுக்கு ஒண்டு. சூ இறுகி நிண்டால் வீல் சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஓட இடமில்லை, காத்து ஒளிச்சிருக்கவும் இடமில்லை. ஏர் எடுத்து முடிஞ்சாப்பிறகு சில்லு சுத்தும் வரைக்கும் தளர்த்துவன். ஒருமுறை இதைச் செய்யாமல் மூண்டு போத்தல் ஒயிலை வீணாக்கினனான். கடைசியில பாத்தால் ஏர் எண்டு ஒண்டும் இல்லை, சூதான் தூரத்தில நிண்டது.


பழைய ஸ்பேனர் எழுதியது:

நல்லூர் ஐயா சொன்னதுதான் சரி. நான் எழுத வந்ததை அவர் அழகாக எழுதிவிட்டார்.

பெடல் பேசும், காலால் கேட்க வேண்டும். மிதிக்க மிதிக்க உயரம் கூடினாலும் கடைசி வரைக்கும் ரப்பர் பந்து மாதிரி துள்ளிக்கொண்டே இருந்தால் ஏர். முதல் மிதி இறங்கி, இரண்டாவது மிதி உயரத்தில் கட்டை மாதிரி நின்றால் ஷூ தூரத்தில் இருக்கிறது. முதல் மிதியில் ஷூ பாதி தூரம் வருகிறது, அது திரும்புவதற்குள் இரண்டாவது மிதி போய்ச் சேர்கிறது. மூன்றாவது ஒன்று உண்டு. கெட்டியாக நிற்கும், ஆனால் காலை அழுத்தியபடியே வைத்திருந்தால் லிப்டு மாதிரி மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் அது மாஸ்டர் சிலிண்டரின் கப். அதைத்தான் நான் பயந்தேன், உங்களுக்கு அது இல்லை.

நீங்கள் புது ஷூ போட்டிருக்கிறீர்கள். டிரமைக் கழற்றி, இரண்டு ஷூவுக்கும் நடுவே குறுக்காகப் போகும் ஸ்ட்ரட் பட்டை அதன் காடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிவிட்டுப் பாருங்கள்.

சரியான பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது காலைப் பெடலில் அழுத்தி வைத்திருந்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். அது மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வது. மறுபடி ஏர் என்று ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள்.


கோவை_வேகன் எழுதியது:

ஒரு சின்ன சேர்க்கை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கினால், ஆயில் மாற்றுவதும் சக்கரத்தில் ஏர் எடுப்பதும் பெரும்பாலும் இதே முறைதான். ஆனால் டப்பா வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் மாட்டி உள்ளே இருக்கும் வால்வைத் திறந்து மூட வேண்டியிருக்கும். அங்கே தேயிலைக் கட்டை பலிக்காது.

இன்னொன்று, நிப்பிள் எப்போதும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். நான் முன்பக்க காலிப்பர் இரண்டையும் கழற்றிப் பெயின்ட் அடித்து இடம் மாற்றி மாட்டிவிட்டு, நிப்பிள் கீழே பார்த்தபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏர் எடுத்தேன். காற்று மேலே ஜாலியாக உட்கார்ந்திருந்தது.


மழைமலை எழுதியது:

ஸ்ட்ரட்தான்! இடது பக்கம் டிரமைக் கழற்றினேன். முன்பக்க ஷூவின் காடியில் உட்கார வேண்டிய முனை வெளியே விளிம்பில் ஏறி நின்றது. ஸ்பிரிங்கை மாட்டும்போது நழுவியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஷூவைத் தளர்த்தி உட்கார வைத்து, ஸ்பிரிங் மாட்டி, டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூடினேன். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் பெடல் நின்றுவிட்டது. முதல் மிதிக்கும் இரண்டாவது மிதிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அழுத்திக்கொண்டு 100 எண்ணினேன், இறங்கவில்லை. நல்லூர் ஐயா, நீங்கள் சொல்லாவிட்டால் நான் இன்னும் மூன்று போத்தல் வாங்கியிருப்பேன்.

ராத்திரி வண்டியை நிறுத்திய இடத்தில் நாலு சக்கரத்துக்கு அடியிலும் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் நாலும் காய்ந்திருந்தன. பிறகு தொழிற்சாலைக்கு முன்னால் இருக்கும் சமதளத்தில் 10 கி.மீ. வேகத்தில் பிடித்தேன், 20, 30. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. பயத்தில் ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

சாலைப்பயணி அண்ணாவுக்கு: கோபமில்லை, உங்கள் பயம் எனக்கும் இருந்தது. நேற்று டூட்டி முடிந்து டவுனுக்குப் போய் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார், சக்கரம் சக்கரமாக நிப்பிளைத் தொட்டுப் பார்த்தார். வலது முன்பக்க நிப்பிளுக்கு ரப்பர் தொப்பி இல்லை என்று ஒன்று மாட்டிவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஆள் யார் மிதித்தது என்றார். கட்டையைக் காட்டினேன்.

ஒரு கேள்வி மிச்சம். பழைய ஆயில் முக்கால் பாட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடை, அதிலிருந்துதான் கீழ் லைனுக்குத் தண்ணீர் போகிறது. இதை எங்கே கொண்டு போய்த் தொலைப்பது?


பழைய ஸ்பேனர் எழுதியது:

ஓடையிலும் வேண்டாம், மண்ணிலும் வேண்டாம். பாட்டிலை இறுக மூடி, மேலே "விஷம்" என்று எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். நாய் நக்கினாலும் உயிருக்கு ஆபத்து. அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது அதே மெக்கானிக்கிடம் கொடுங்கள். கழிவு இன்ஜின் ஆயில் டிரம்மில் கலக்காமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

கடுங்காப்பி நிறத்தில் வந்தது என்றீர்களே, அந்த ஆயிலோடு இவ்வளவு நாள் ஆழியாறு இறங்கியிருக்கிறீர்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்றுதான் தரக் கணக்கே. உங்கள் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் சேரும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் காற்று மாதிரிதான், 30ஆவது வளைவில் பெடல் தரைக்குப் போகும். 2 வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர்.


மழைமலை எழுதியது:

சரி அண்ணா. மாற்றிய தேதியை டப்பாவில் பிளாஸ்திரி ஒட்டி எழுதிவிட்டேன், சலைன் பாட்டிலுக்கு எழுதுவது போலவே. தேயிலைக் கட்டை டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.